ரேஸ் காரின் எடையைக் குறைப்பது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறைக் கராஜ்களுக்கான முழு வழிகாட்டி

எங்கள் பக்கத்தில் ரேஸ் கார் என்றதும் பேச்சு நேரே எஞ்சினுக்குப் போய்விடும். கேம்ஷாப்ட் மாற்றலாமா, கார்பரேட்டரைப் பெரிதாக்கலாமா, வேறு எஞ்சினே தூக்கி வைக்கலாமா என்று. அதற்கெல்லாம் காசும் வேண்டும், கொழும்பிலிருந்து சாமான் வரும்வரை பொறுமையும் வேண்டும். எடை குறைக்கும் வேலை அப்படியல்ல. செங்கலடிப் பக்கத்து நெல் ஆலையில் ஒரு தராசு, வாழைச்சேனையிலோ கல்முனைக் கரையோரத்திலோ பைபர் படகு திருத்துகிற ஒருவர், ஒரு நல்ல லேத் கடை, நிதானமான ஒரு வெல்டர். இவ்வளவு இருந்தால் வேலையின் பெரும்பகுதியை ஊரிலேயே முடித்துவிடலாம்.

பலன் எவ்வளவு என்று ஒரு கணக்குப் பார்ப்போம். 90 குதிரைவலு உள்ள 900 கிலோ சின்னக் கார், அதில் 70 கிலோ ஓட்டுநர். மொத்தம் 970 கிலோ. ஒரு தொன்னுக்கு ஏறக்குறைய 93 குதிரைவலு. இதிலிருந்து நிகரமாக 110 கிலோவைக் குறைத்தால் தொன்னுக்கு 105 ஆகிறது. எஞ்சினில் கை வைத்து இதே நிலையை எட்ட வேண்டுமானால் 11, 12 குதிரைவலு கூட்ட வேண்டும். கூட்டினாலும் அது நேர்பாதையில் மட்டுமே உதவும். எடை குறைந்த காரோ பிரேக் பிடிக்கும்போது சீக்கிரம் நிற்கும், வளைவில் டயரைக் குறைவாகத் தேய்க்கும், எஞ்சினையும் கியர்பொக்ஸையும் குறைவாக வருத்தும்.

இதில் ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். எல்லாக் கிலோவும் ஒரே பெறுமதி கொண்டதல்ல. கூரையில் இருக்கும் ஒரு கிலோ, தரையில் இருக்கும் ஒரு கிலோவைவிடக் கெடுதல். பம்பர் நுனியில் இருப்பது காரின் நடுவில் இருப்பதைவிடக் கெடுதல். சுழலும் பாகத்தில் இருப்பது எல்லாவற்றிலும் கெடுதல். கைக்கு எது எளிதாக வருகிறதோ அதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, கார் ஏன் வளைவில் பின்பக்கம் சறுக்குகிறது என்று தலையைச் சொறிகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

முதலில் போட்டியும் பிரிவும்

எந்தப் போட்டிக்குப் போகிறோம் என்று தெரியாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். தியத்தலாவை பொக்ஸ் ஹில் சுப்பர்குரொஸ் மண்பாதை. சீகிரிய ரலி குரொஸும் அப்படியே. நுவரெலியாவில் 1934 முதல் நடந்துவரும் மககஸ்தோட்டை மலையேற்றப் போட்டி தார்ப்பாதை, குளிர், சில நேரம் மூடுபனி. களுத்துறைக் கட்டுக்குருந்தை தட்டையான சுற்றுப்பாதை. மண்பாதைக்குத் தாங்கும் உடல் வேண்டும், மலையேற்றத்துக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு, நீண்ட சுற்றுப் போட்டிக்குப் பிரேக் சூடு பெரிய விஷயம்.

அடுத்தது பிரிவு. நிசான் மார்ச், போர்ட் லேசர் – மாஸ்டா 1500 சிசி போன்ற ஒரே மாதிரிக் கார்களின் பிரிவுகளில் எதைக் கழற்றலாம், எதைத் தொடக்கூடாது, குறைந்தபட்ச எடை எவ்வளவு என்பதை ஏற்பாட்டாளர்களின் விதிப்புத்தகம்தான் சொல்லும். அந்த ஆண்டுக்குரியதை வாங்கி, சந்தேகமான இடங்களை எழுத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். “போன வருஷம் விட்டார்கள்” என்ற பேச்சு, போட்டிக்கு முன் கார்களைச் சோதிக்கும் பரிசோதனை வரிசையில் செல்லாது. சர்வதேச ரலி2 பிரிவுக் கார்களுக்கே 1230 கிலோவுக்குக் கீழ் போகக்கூடாது என்ற எல்லை இருக்கிறது.

குறைந்தபட்ச எடை இருந்தாலும் அதற்கும் கீழே இறங்குவது வீண் வேலை அல்ல. எல்லை 820 கிலோ என்று வைத்து, உங்கள் கார் 795இல் நின்றால், 25 கிலோ இரும்புத் தகட்டைத் தரையில் போல்ட் போட்டு இறுக்கலாம். எந்த இடத்தில் வேண்டுமோ அந்த இடத்தில், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக.

இன்னொன்று. உள்ளே முழுவதும் கழற்றிய கார் வீதிக்கு உரியதல்ல. பதிவுப் புத்தகத்தில் உள்ள விபரங்களுடன் அது பொருந்தாது, காப்புறுதியும் கைகொடுக்காது. வேலைக்கும் இதே காரில் போகவேண்டும் என்ற நிலை இருந்தால், திரும்பப் பொருத்தக்கூடிய சாமானோடு நின்றுவிடுங்கள்.

தராசும் கொப்பியும்

ஆலை வாசலில் லொறி நிறுக்கும் தராசு மொத்த எடையைக் காட்டும். ஆனால் அது பத்து, இருபது கிலோப் படிகளில்தான் ஏறி இறங்கும். நமக்கு வேண்டியது நெல் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு. முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் ஓட்டுநரோடு சேர்த்து 300 கிலோ வரை வரும் என்பதால் 500 கிலோ தாங்கும் தராசாகக் கேளுங்கள். நான்கு தராசு கிடைத்தால் நல்லது. ஒன்றுதான் கிடைத்தது என்றால் அதே உயரத்துக்கு மூன்று மரப்பலகைகள் செய்து மற்றச் சக்கரங்களுக்குக் கீழே வையுங்கள். ஒரு சக்கரம் மட்டும் இரண்டு அங்குலம் உயர்ந்து நின்றால் எண்கள் அத்தனையும் பொய்.

நெல் காயவிடும் சீமெந்துத் தளம் பார்க்கத் தட்டையாகத் தெரியும், மழைநீர் வடியச் சாய்வு வைத்திருப்பார்கள். மேசன்மார் பாவிக்கும் நீர்க்குழாயால் மட்டம் பார்த்து, தேவையான இடத்தில் மெல்லிய தகடு கொடுத்துச் சமப்படுத்துங்கள். டயர்க் காற்று நான்கிலும் சரியாக, பெற்றோல் போட்டியன்று இருக்கும் அளவில், ஹேண்ட் பிரேக் விடுபட்டு, ஓட்டுநர் தலைக்கவசத்தோடு சீட்டில். காரை இரண்டு மூன்று தடவை அமுக்கிவிட்டு நிறுங்கள்.

நான்கு எண்களிலிருந்து முன்பின் விகிதம், இடவலம், மூலைக்கு மூலை ஆகிய மூன்றையும் எழுதுங்கள். மூலைக்கு மூலை என்பது முன்வலது, பின்இடது இரண்டையும் கூட்டி மொத்தத்தால் வகுப்பது. அது ஐம்பது சதவீதத்துக்கு அருகில் இருந்தால் கார் இரு பக்கமும் ஒரேமாதிரித் திரும்பும்.

பிறகு ஒரு கொப்பி. கழற்றும் ஒவ்வொரு சாமானையும் மீன் நிறுக்கும் தொங்கு தராசில் மாட்டி, எடையையும் அது இருந்த இடத்தையும் எழுதுங்கள். முன்னா பின்னா, மேலா கீழா, இடமா வலமா. சலிப்பான வேலைதான். ஆனால் கடைசியில் காரின் சமநிலை ஏன் மாறியது என்று பார்க்கும்போது, அந்தக் கொப்பியைத் தவிர வேறெதுவும் உதவாது.

திரும்பப் பொருத்தக்கூடியதை முதலில் கழற்றுங்கள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்களுக்கும் அவற்றின் சாமான்களுக்கும் ஏறிய விலை எல்லோருக்கும் தெரியும். ஆகவே வெட்டுகிற வேலையைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். கழற்றுவதைத் துடைத்து, பெயர் எழுதி, போல்ட்களைச் சின்னப் பையில் கட்டி அதோடேயே தொங்கவிட்டு, மழை படாத இடத்தில் வையுங்கள்.

சின்ன ஜப்பான் காரில் நான் எதிர்பார்க்கும் அளவுகள் இவை. மேலதிக டயர், ஜக், கருவிகள் எல்லாம் சேர்த்து 15 கிலோ. பின்சீட் 12 முதல் 20. தரைக் கார்பெட், கதவு அட்டைகள், கூரைத் துணி, டிக்கி விரிப்பு சேர்ந்து 15 முதல் 20. கூரைத் துணி இரண்டு மூன்று கிலோதான், ஆனாலும் அது காரின் உச்சியில் இருப்பதால் முதலிலேயே போகவேண்டியது. முன்சீட் ஒவ்வொன்றும் 13, 15 கிலோ. ஓட்டுநர் சீட்டுக்குப் பதில் எப்ஐஏ (சர்வதேச மோட்டார் விளையாட்டுச் சம்மேளனம்) தரமுள்ள பைபர் சீட் போட்டால் சட்டத்தோடு 9, 10 கிலோ வரும், அதையும் முடிந்தவரை தாழ்த்தலாம்.

ஏசியில் 15 முதல் 20 கிலோ இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி காரின் மூக்கில் இருக்கிறது, ஆகவே ஒருபோதும் வைத்திருக்க வேண்டாம். வாயுவைத் திறந்துவிட்டுக் குழாயை வெட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். ஆர்134ஏ வாயு காபனீரொட்சைட்டைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும், வேகமாக வெளியேறினால் கையையும் கண்ணையும் உறையவைக்கும். ஏசி வேலை செய்கிறவரிடம் கொடுத்து உறிஞ்சி எடுத்த பிறகு கழற்றுங்கள். கம்பிரசர் போனதும் பெல்ட் நீளம் மாறும், அதற்கேற்ற சின்னப் பெல்ட்டைத் தேடி வையுங்கள்.

ஹீட்டரைப் பற்றி எனக்குத் திடமான கருத்து ஒன்று உண்டு. மட்டக்களப்பு வெயிலில் நின்று பார்க்கிறவருக்கு அது தேவையே இல்லாத நான்கு கிலோ. நுவரெலியாவில், 1800 மீற்றருக்கும் மேலே, ஈரக் காலையில் மூச்சுக்காற்று கண்ணாடியில் படிந்து முன்னால் ஒன்றும் தெரியாமல் போகும்போது அதுதான் உங்கள் கண். மலைப்போட்டிக்குப் போகிறவர் அதை விட்டுவையுங்கள். சீகிரியவுக்கும் கட்டுக்குருந்தைக்கும் மட்டும் என்றால் கழற்றலாம்.

காற்றுப்பை உள்ள கார் என்றால் பெட்டரியைக் கழற்றி, குறைந்தது பத்து நிமிடம் விட்டுத்தான் ஸ்டியரிங்கில் கை வைக்க வேண்டும். கழற்றிய காற்றுப்பையை அதன் முகம் மேலே பார்க்கும்படி வையுங்கள். கவிழ்த்து வைத்து அது வெடித்தால் ஒரு ஆளைத் தூக்கி எறியும்.

தார்ப்பாயும் கடற்காற்றும்

சத்தத்தைக் குறைக்கத் தரையிலும் பின்சக்கர வளைவுகளிலும் ஒட்டியிருக்கும் கறுப்புத் தார்ப்பாய் (தார் கலந்த தடித்த படலம்) 5 முதல் 10 கிலோ. உலர்பனி கிடைக்கிற இடங்களில் அதைப் பரப்பி உறையவைத்து, தட்டித் தட்டி உடைத்து எடுப்பார்கள். நம் வெயிலில் எதிர்வழிதான் வசதி. சூடாக்கும் துப்பாக்கியால் மெதுவாகச் சூடாக்கி, அகலமான உளியால் பட்டையாக உரித்து, மிச்சப் பிசினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தெடுங்கள். சூடாக்குவதை முற்றாக நிறுத்திய பிறகுதான் மண்ணெண்ணெய் பக்கத்தில் வரவேண்டும், கதவுகள் திறந்திருக்க வேண்டும்.

இந்த வேலைக்கு மே முதல் ஆகஸ்ட் வரையான கச்சான் காலம் ஏற்றது. வடகீழ் பருவமழையில் இதைத் தொடங்கினால் தகடு காயவே காயாது. காத்தான்குடியோ களுவாஞ்சிக்குடியோ, கடலுக்குப் பக்கத்தில் கராஜ் வைத்திருப்பவருக்கு நான் அழுத்திச் சொல்வது இது: தகடு வெளியே தெரிந்த அன்றே எபொக்ஸி பிரைமர் அடித்துவிடுங்கள். ஒரே இரவில் அதில் செம்மஞ்சள் படிந்துவிடும். கச்சான் காற்று தூசியையும் சேர்த்துக் கொண்டுவரும், ஆகவே விடிகாலையில், காற்று எழும்ப முன்னர் அடியுங்கள். தார்ப்பாய்க்குக் கீழே துரு ஓட்டை தெரிந்தால் மகிழ்ச்சியடையுங்கள், இப்போதாவது கண்டுபிடித்தோமே என்று. நல்ல தகட்டை வெட்டி வெல்ட் செய்யுங்கள். துருப்பிடித்த உடலில் எவ்வளவு எடை குறைத்தும் பயனில்லை.

புகைக்குழாய்க்கு மேலே உள்ள வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றாதீர்கள். கார்பெட் இல்லாத தரை அதன் சூட்டை நேரே காலுக்கு ஏற்றும்.

இதே கட்டத்தில், உள்ளே இனி எதையும் தாங்காத பிராக்கெட்கள், கொக்கிகள், சீட் தண்டவாளங்களின் புள்ளி வெல்டுகளைத் துளைத்து எடுக்கலாம். ஒவ்வொன்றும் 50, 100 கிராம்தான். ஒரு சாக்கில் போட்டுக்கொண்டே வாருங்கள், கடைசியில் தூக்கிப் பார்க்கும்போது ஆச்சரியமாக இருக்கும்.

கண்ணாடி

கண்ணாடியின் கணக்கு சுலபம். ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கு, ஒரு சதுர மீற்றரில் இரண்டரை கிலோ. நான்கு மில்லிமீற்றர் என்றால் பத்துக் கிலோ. அதே தடிப்பில் பொலிகார்பனேட் (கண்ணாடி போலத் தெளிவான, உறுதியான பிளாஸ்டிக்) ஐந்து கிலோவுக்கும் குறைவு. பக்கக் கண்ணாடிகளையும் பின்கண்ணாடியையும் மாற்றினால், கண்ணாடி ஏற்றும் மோட்டர்களையும் சேர்த்துப் பத்துக் கிலோவுக்கு மேல் போகும். எல்லாம் இடுப்புக்கு மேலே இருந்த எடை, ஆகவே எண்ணைவிடப் பலன் பெரிது. எடுத்துக்காட்டாக, 860 கிலோக் காரின் எடைமையம் 50 சென்ரிமீற்றர் உயரத்தில், சக்கர அகலம் 1.4 மீற்றர் என்றால், கடுமையான வளைவில் ஏறக்குறைய 275 கிலோ உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்குத் தாவும். மையத்தை மூன்று சென்ரிமீற்றர் இறக்கினால் அதில் 16, 17 கிலோ மிச்சம்.

கடையில் பெயர்ப்பலகைக்கு விற்கும் அக்ரிலிக் தகட்டை வாங்கிவிடாதீர்கள். அது உடைந்தால் கத்தி மாதிரிக் கூரான துண்டுகளாகும். பொலிகார்பனேட் வளையும், உடையாது. ஆனால் சீக்கிரம் கீறும், பெற்றோலும் தின்னரும் பட்டால் மங்கி வெடிக்கும். முன்கண்ணாடியை அப்படியே விட்டுவிடுங்கள். அது ஒட்டுக்கண்ணாடி, உடலின் விறைப்பிலும் அதற்குப் பங்குண்டு.

படகுக்காரரிடம் பொனட்

நம் கரையோரத்துக்குக் கிடைத்த பெரிய வசதி பைபர் தெரிந்த கைகள். அச்சு எடுப்பது, பாய் விரிப்பது, ரெசின் உருட்டுவது எல்லாம் அவர்களுக்குத் தினசரி வேலை. ஆனால் அவர்களுடைய பழக்கம் கடலுக்கானது. அலை அடித்தாலும் தாங்க வேண்டும் என்று தடிப்பாக வைப்பார்கள், ரெசினையும் தாராளமாக ஊற்றுவார்கள். அப்படிச் செய்தால் இரும்பு பொனட்டின் எடையே திரும்ப வந்துவிடும். அவர் பக்கத்தில் இருந்து, எத்தனை அடுக்கு என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

முதலில் அசல் பொனட்டைப் பள்ளம் திருத்தி, மெழுகு நான்கைந்து தடவை பூசி மினுக்கி, அதன்மேல் ஐந்தாறு அடுக்கில் தடித்த அச்சு எடுங்கள். அச்சு வளையாமல் இருக்கப் பின்பக்கம் மரச்சட்டம் சேருங்கள். அந்த அச்சுக்குள் மெழுகும் பிரிபூச்சும், மெல்லிய ஜெல்கோட், பிறகு 450 கிராம் பாய் (சதுர மீற்றருக்கு 450 கிராம் உள்ள பைபர் இழை விரிப்பு) இரண்டு அடுக்கு. பாயின் எடையைப் போல இரண்டு, இரண்டேகால் மடங்கு ரெசின் போதும். மிஞ்சிய ரெசின் பலம் தராது, எடைதான் தரும். ரோலரால் குமிழ்களை வெளியேற்றி, பின்பக்கத்தில் மெல்லிய ஸ்பொஞ்சுச் சட்டங்களைக் குறுக்கே வைத்து ஒரு அடுக்கால் மூடினால் விறைப்பு வரும். பொனட்டைப் பூட்டும் பின்கள் (ஊசிப் பூட்டுகள்) மாட்டும் நான்கு இடங்களிலும் கூடுதலாக இரண்டு அடுக்கு.

1.2 சதுர மீற்றர் பொனட் இப்படி ஐந்து, ஆறு கிலோவில் நிற்கும். அசல் இரும்பு 11, 12 கிலோ இருந்திருக்கும்.

நம் சூட்டுக்குக் கெட்டியாக்கி ரெசினின் எடையில் ஒரு சதவீதம் போதும், இரண்டு போட்டால் கிண்ணத்திலேயே இறுகிவிடும். ரெசினை வேகமாக இறுகவைக்கும் கோபோல்ட் கலவையையும் கெட்டியாக்கியையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், தீப்பற்றி வெடிக்கும். படகுக்காரருக்கு இது தெரியும். உதவிக்கு நிற்கும் தம்பிமாருக்குத் தெரியாமல் இருக்கலாம், சொல்லி வையுங்கள்.

கீலையும் பூட்டையும் எடுத்துவிட்டு நான்கு பொனட் பின் போடுங்கள். இரண்டு பின்னோடு ஓடினால் காற்று அதைத் தூக்கி முன்கண்ணாடியில் அடிக்கும். இதே முறையில் டிக்கிக் கதவும் செய்யலாம். பக்கக் கதவுகளைப் பைபரில் செய்ய வேண்டாம். கதவுக்குள் இருக்கும் இரும்புச் சட்டம் உங்கள் இடுப்பைக் காக்கிறது.

சுழலும் எடை

டயர் ஓரத்தில் இருக்கும் ஒரு கிலோவை காரோடு சேர்த்து முன்னால் தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். அதனால் வேகம் எடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அது ஏறக்குறைய இரண்டு கிலோவாக நடந்துகொள்ளும். போதாததற்கு அது ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற எடை. குழியில் விழுந்த சக்கரம் திரும்பத் தரையைத் தொட எடுக்கும் நேரத்தை அதுதான் தீர்மானிக்கும். மண்பாதையில் இது கையில் உடனே தெரியும்.

அலோய் என்றாலே லேசு என்று நம்பி வாங்காதீர்கள். மலிவான பெரிய அலோய் பல, 13 அங்குல இரும்பு ரிம்மைவிட எடை கூடியவை. கடையில் தொங்கு தராசில் மாட்டிப் பாருங்கள், டயரையும் அப்படியே. மண்பாதைக்குப் போகிறவர் மிக மெல்லிய ரிம்மைத் தவிர்க்க வேண்டும், கல்லில் பட்டு வெடிக்கும்.

பிளைவீல், அதாவது எஞ்சினின் சுழற்சியைச் சீராக வைக்கும் கனமான வட்டத் தட்டு, தனிக் கதை. எட்டுக் கிலோப் பிளைவீலின் வெளி ஓரத்திலிருந்து லேத்தில் மூன்று கிலோவைச் சீவினால், முதல் கியரில் அது 100 கிலோவைக் காரிலிருந்து எடுத்ததுபோல இருக்கும். கியரும் டிப்பரென்ஷலும் சேர்ந்து எஞ்சினைச் சக்கரத்தைவிடப் பதினான்கு மடங்கு வேகமாகச் சுழற்றுவதால் அப்படி. அதே பிளைவீல் நான்காம் கியரில் எட்டு, ஒன்பது கிலோவுக்குத்தான் சமம். ஆகவே சின்ன வளைவுகள் நிறைந்த பாதைக்கும் மலையேற்றத்துக்கும் இது பொன்னான வேலை, நீண்ட வேகப்பாதைக்கு அவ்வளவு இல்லை. நடுவிலிருந்து சீவினால் பலன் மிகக் குறைவு.

ஆனால் வார்ப்பிரும்புப் பிளைவீலை ஆழமாகச் சீவுவது உயிருக்கு ஆபத்து. 7000 சுற்றில் அது உடைந்தால் கியர்பொக்ஸ் மூடியையும் தரையையும் கிழித்துக்கொண்டு காலுக்கு வரும். ஸ்டார்ட்டர் பிடிக்கும் மோதிரப் பல்லுக்கும் கிளட்ச் போல்ட்டுக்கும் பக்கத்தில் தொடாமல், வெட்டிய இடத்தில் கூர்மூலை விடாமல், முடிந்ததும் பலன்ஸ் பார்க்கிற கடையில் கொடுத்துச் சமன் செய்யுங்கள். முடியுமானால் உருக்கில் செய்த புதிய பிளைவீலை வாங்குவதே என் தெரிவு.

பிரேக் டிஸ்க்கில் ஓட்டை போடுவதும் அதைச் சீவி மெலிதாக்குவதும் வேண்டவே வேண்டாம்.

பெட்டரி, வயர், புகைக்குழாய், பெற்றோல்

சாதாரணப் பெட்டரி ஒன்பது, பத்துக் கிலோ. லித்தியம் இரும்பு பொஸ்பேட் பெட்டரி இரண்டு மூன்று கிலோ, விலை கடுமை, எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் வைக்கவும் கூடாது. நடுவழியாக நான்கைந்து கிலோவில் மூடிய ஜெல் வகை கிடைக்கும். எதுவானாலும் இரும்புப் பட்டியால் கட்டி, வெளியிலிருந்து அணைக்கக்கூடிய மெயின் சுவிட்ச் போடுங்கள்.

வயர்க் கட்டில் ரேடியோ, கண்ணாடி, பூட்டு, ஏசி வயர்களை எடுக்கலாம். ஒவ்வொன்றாகத் தடம் பார்த்து, டேப்பில் பெயர் ஒட்டிய பிறகே வெட்டுங்கள். அவசரமாக வெட்டிய வயர்க் கட்டால் போட்டியன்று நின்றுபோகும் கார்கள் ஏராளம்.

புகைக்குழாயைச் சுருக்கினால் ஐந்தாறு கிலோ. சத்த விதியைப் பாருங்கள். பெற்றோல் லீற்றருக்கு முக்கால் கிலோ. நிறைந்த தாங்கியோடு தொடக்கக் கோட்டுக்குப் போவது, பின்சீட்டில் ஒரு பிள்ளையை ஏற்றிக்கொண்டு போவதுதான். அதற்காக அடிமட்டத்துக்கும் இறக்க வேண்டாம், வளைவில் பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கி எஞ்சின் தட்டும்.

கூண்டு: இங்கே எடை ஏறட்டும்

கழற்றிய எடையில் ஏறக்குறைய 40 கிலோ திரும்ப ஏறுகிற இடம் ரோல் கேஜ், அதாவது கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டு. ஆரம்பக் கணக்கில் நிகரமாக 110 என்று சொன்னதன் காரணம் இதுதான். 150 கிலோ வரை கழற்றி, 40ஐத் திரும்பப் போடுகிறோம்.

எப்ஐஏ விதியின்படி, சீட்டுக்குப் பின்னால் குறுக்காக எழும் பிரதான வளைவுக்கு மூட்டில்லாத, குளிர்நிலையில் இழுத்த காபன் உருக்குக் குழாய் வேண்டும். 45 மில்லிமீற்றர் விட்டமும் இரண்டரைத் தடிப்பும், அல்லது 50 விட்டமும் இரண்டு தடிப்பும். மற்றப் பாகங்களுக்கு 38க்கு இரண்டரை, அல்லது 40க்கு இரண்டு. 45 மில்லிமீற்றர்க் குழாய் மீற்றருக்கு 2.6 கிலோ, 40 மில்லிமீற்றர்க் குழாய் 1.9 கிலோ. பாதம் ஊன்றும் இடத்தில் மூன்று மில்லிமீற்றர் தடிப்பில், 120 சதுர சென்ரிமீற்றருக்குக் குறையாத தகடு.

ஹார்ட்வெயர் கடையில் கிடைக்கும் ஜீஐ தண்ணீர்க் குழாயில் கூண்டு செய்யாதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அது நீளவாக்கில் மூட்டு வெல்ட் செய்த குழாய், கார் உருளும்போது அந்த மூட்டில் பிளக்கும். நாகப் பூச்சை வெல்ட் செய்யும் புகையும் வெல்டரை நோயில் தள்ளும்.

கூண்டு நன்றாக அமைந்தால் உடலின் விறைப்பு கூடி சஸ்பென்ஷன் ஒழுங்காக வேலை செய்யும். ஆகவே அந்த 40 கிலோ வேகத்துக்கும் உதவுகிறது.

தொடக்கூடாத இடங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முன் நீளச்சட்டங்கள், குறுக்குச் சட்டம், ஷொக் அப்சோபர் ஏறும் கோபுரங்கள், பெல்ட் மாட்டும் இடங்கள், கதவுச் சட்டங்கள், பெடல் தாங்கி. இவற்றில் துளை போட்டு எடை குறைப்பதைப் படங்களில் பார்த்துவிட்டுச் செய்யாதீர்கள். ஏசியும் ஹீட்டரும் போன பிறகு எஞ்சின் சுவரில் பெரிய ஓட்டைகள் மிஞ்சும். அவற்றை இரும்புத் தகட்டால் மூடி விளிம்பை அடைத்துவிடுங்கள். எஞ்சினில் தீப்பிடித்தால் சுவாலை முதலில் நுழையும் வழி அதுதான். பின்சீட் போன காரில் பெற்றோல் தாங்கிக்கும் ஓட்டுநருக்கும் இடையிலும் அப்படி ஒரு சுவர் வேண்டும்.

2024 ஏப்ரல் 21 அன்று பொக்ஸ் ஹில்லில் பாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர்கள் மேல் பாய்ந்து ஏழு பேர் உயிரிழந்தார்கள், அதில் ஒரு சின்னப் பிள்ளையும் உண்டு. அந்த விளையாட்டுக்குள் கார் கொண்டுபோகிற ஒவ்வொருவருக்கும் பரிசோதனை என்பது எவ்வளவு பாரமான வார்த்தை என்று தெரிந்திருக்க வேண்டும்.

எடை போன பிறகு

இப்போது திரும்பவும் தராசுக்குப் போங்கள். 900 கிலோவில் 558 முன்னால் இருந்த கார், 790இல் 520 முன்னால் என்று வந்திருக்கும். முன்பங்கு 62இலிருந்து 66 சதவீதமாக ஏறிவிட்டது. பின்பக்கம் 70 கிலோ போயிருக்கிறது. முன்சக்கர இழுவைக் காரில் இது தொடக்கத்திலும் ஏற்றத்திலும் பிடிமானத்துக்கு உதவும். பிரேக்கில் நிலைமை வேறு. 340 கிலோவுக்குக் கணக்குப் பண்ணிய பின்பிரேக், 270 கிலோவைத்தான் பிடிக்கிறது. பின்சக்கரம் முதலில் பூட்டும், பூட்டினால் கார் சுழலும். பின் அழுத்தத்தைக் குறைக்கக்கூடிய வால்வு ஒன்றைப் போட்டு, மூடிய மைதானத்தில் குறைந்த வேகத்திலிருந்து தொடங்கி, முன்சக்கரம் ஒரு கணம் முன்னதாகப் பூட்டும்வரை திருப்பித் திருப்பிச் சரிசெய்யுங்கள்.

கார் உயர்ந்தும் இருக்கும். ஒரு மில்லிமீற்றருக்கு இரண்டு கிலோ தாங்கும் ஸ்பிரிங்கில் ஒரு மூலையிலிருந்து 25 கிலோ போனால், அந்த மூலை 12 மில்லிமீற்றர் மேலெழும். எடைமையத்தைக் கஷ்டப்பட்டு இறக்கியதெல்லாம் அதில் போய்விடும், சக்கரக் கோணங்களும் மாறியிருக்கும். ஸ்பிரிங்கை மாற்றி உயரத்தைச் சரிசெய்து, பிறகு அலைன்மன்ட், பிறகு மறுபடி நான்கு மூலைத் தராசு. ஓட்டுநர் வலப்பக்கம் இருப்பதால் பெட்டரியையும் தீயணைப்பானையும் இடப்பக்கத் தரைக்குக் கொண்டுபோனால் இடவலம் தானாகவே நெருங்கி வரும்.

முதல் ஓட்டத்துக்குப் பிறகு எல்லாப் போல்ட்டையும் திரும்ப இறுக்குங்கள், சீட்டையும் பெல்ட்டையும் முதலில். கூண்டு வெல்டுகளையும் ஷொக் கோபுரங்களையும் கைவிளக்கு வைத்துப் பாருங்கள், மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று. வெறும் பிரைமர் வெளிர்நிறத்தில் இருந்தால் வெடிப்பு உடனே கண்ணில் படும், ஆகவே உள்பக்கத்துக்குக் கறுப்பு அடிக்காதீர்கள்.

போட்டிக்குக் கொண்டுபோவது லொறியில்தான். செங்கலடியில் தொடங்கும் ஏ5 வீதி மகா ஓயா, பிபிலை தாண்டி பதுளைக்கு ஏறி, அப்படியே நுவரெலியா வரை போகிறது. தியத்தலாவைக்குப் போகிறவர் பதுளையிலிருந்து பண்டாரவளைப் பக்கம் பிரிய வேண்டும். லுணுகலைக்கு மேலே வளைவுகள் தொடங்கினால் கார் லொறிக்குள் ஆடும். பட்டியைச் சக்கரங்களைச் சுற்றிக் கட்டுங்கள், உடலில் கட்டினால் ஸ்பிரிங் அமுங்கி எழும் ஒவ்வொரு தடவையும் பட்டி தளரும். பிபிலையில் ஒருமுறை நிறுத்தி இறுக்கம் பாருங்கள். பைபர் பொனட்டின் நான்கு பின்களும் பூட்டியிருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.